நாற்காலியில் உட்கார்ந்தவனா? காரில் தூங்கிப் போனவனா?

(பட்டிமன்றத் தலைப்பு: தாதாக்களின் கதையை உள்ளபடி சொன்னவை கொண்டாடப்பட்ட படங்களா, கவனிக்கப்படாத படங்களா? ‘கவனிக்கப்படாத படங்களே’ என்ற அணியில் பேசியது.)



எதிரணித் தலைவர் அண்ணன் பேசும்போது கன்னத்துக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி குரலை மாத்திப் பேசிக் காட்டினார். நீங்க கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அவ்வளவு நேரம் பேசியும் அவர் சொன்ன படம் மொத்தம் மூணு. காட்ஃபாதர், ஸ்கார்ஃபேஸ், நாயகன். கல்யாணப் பந்தியில இத்தனை கூட்டு, இத்தனை பொரியல் வச்சிருக்கும்போது பாயசத்தை மட்டும் மூணு தடவை வாங்கிக் குடிச்சிட்டு எழுந்து போற மாப்பிள்ளை வீட்டுக்காரரை நான் இன்னிக்குத்தான் பார்க்கிறேன். (சிரிப்பு)

அந்தப் படங்கள் நல்ல படங்கள் இல்லைன்னு சொல்ல நான் வரலை. காட்ஃபாதரைக் குறை சொன்னா எங்க வீட்டுலயே சோறு போட மாட்டாங்க. என் கட்சி வேற. கொண்டாடப்பட்ட படங்கள், தாதா தன்னைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டானோ அதைச் சொல்லிச்சு. கவனிக்கப்படாத படங்கள், அவனுக்கு நிஜத்துல என்ன நடந்ததோ அதைச் சொல்லிச்சு. அதுவும் சில படங்கள், கோர்ட்டுக்கும் பத்திரிகைக்கும் தெரியறதுக்கு முன்னாலேயே சொல்லிடுச்சு. ஆதாரம் இல்லாம பேச மாட்டேன். வரிசையா வர்றேன்.

1970-71ல நியூயார்க்ல காட்ஃபாதர் எடுக்க ஏற்பாடு நடக்குது. அப்போ ஜோ கொலம்போன்னு ஒருத்தர். நிஜமான மாஃபியா குடும்பத்தின் தலைவர். அவரே இத்தாலிய அமெரிக்கர் உரிமைச் சங்கம்னு ஒண்ணு நடத்துறார். எங்க ஊர்ல படம் எடுக்கணுமா, ‘மாஃபியா’ங்கிற சொல் படத்துல வரக்கூடாதுன்னு கேட்கிறார். தயாரிப்பாளர் சரின்னு ஒத்துக்கிறார். பாருங்க, மாஃபியாவைப் பத்தின உலகப் புகழ் படம், அந்தச் சொல்லை எடுத்துவிட மாஃபியா தலைவர்கிட்டயே சம்மதிச்சு வந்த படம்! புலியைப் பத்திக் கட்டுரை எழுதிட்டு, புலிகிட்டயே கொடுத்துத் திருத்தி வாங்கின மாதிரி. (சிரிப்பு, கைதட்டல்) அதே கொலம்போவை 1971 ஜூன் 28ஆம் தேதி அவருடைய சங்கக் கூட்டத்துலயே சுட்டாங்க. செயலிழந்து படுக்கையில கிடந்து 1978ல இறந்தார். படத்துல இருந்த கம்பீரம் அவருக்கு நிஜத்துல கிடைக்கலை.

காட்ஃபாதர் 1972 மார்ச்ல வருது. சரியா பதினைந்து மாசம் கழிச்சு, 1973 ஜூன்ல, அதே பாரமவுண்ட் கம்பெனி இன்னொரு படம் வெளியிடுது. பேரு ‘தி ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் எட்டி காயில்’. எட்டி காயிலின் நண்பர்கள். இந்தச் சபையில யாராவது பார்த்திருக்கீங்களா? கையைத் தூக்குங்க. ரெண்டு பேர். அதுல ஒருத்தர் என் அணிக்காரர். (சிரிப்பு)

இந்தக் கதையை எழுதினவர் ஜார்ஜ் ஹிக்கின்ஸ். அவர் யாரு? பாஸ்டன்ல அரசு வழக்கறிஞர். அடியாள், கள்ளக் கடத்தல்காரன், துப்பாக்கி விற்கிறவன், இவங்க பேசுறதை நாள் முழுக்கக் காதால கேட்டுக் கேட்டு நாவலா எழுதினார். அங்க கதைக்கு நிபந்தனை போட்டவர் தாதா. இங்க கதையை எழுதினவர் தாதாவைக் கூண்டுல ஏத்தினவர். எது உள்ளபடி இருக்கும்? நீங்களே சொல்லுங்க.

படத்தை எடுத்தவர் பீட்டர் யேட்ஸ். 1968ல ‘புல்லிட்’ படத்துல கார்த் துரத்தல் காட்டி உலகத்தையே சீட்டு நுனிக்குக் கொண்டுவந்த ஆள். அவர் இந்தப் படத்துல ஒரு துரத்தல்கூட வைக்கலை. என்ன வச்சார் தெரியுமா? டீக்கடையில உட்கார்ந்து பேசுற மாதிரி பேச்சு. பேச்சு, பேச்சு, பேச்சு. அந்தப் பேச்சுக்குள்ளதான் பேரம் நடக்குது, உயிர் போகுது.

எட்டி காயிலுக்கு ஐம்பது வயசு. நடிச்சவர் ராபர்ட் மிச்சம். மூணு பிள்ளைக்கு அப்பன். காலையில பிள்ளைங்க பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் கிளம்புது, இவர் குப்பையைக் கொண்டுபோய்ப் போடுறார். இவர்தான் நம்ம கேங்ஸ்டர்! கோட்டும் சூட்டும் பூனைக்குட்டியும் கிடையாது. இவர் வாங்கிக் கொடுத்த துப்பாக்கி ஒண்ணு போலீஸ்ல மாட்டி, வாங்கினவன் ஜெயிலுக்குப் போயிட்டான். அதுக்குத் தண்டனையா இவர் கையை மேஜை டிராயருக்குள்ள வைக்கச் சொல்லி, டிராயரை எட்டி உதைச்சு மூடினாங்க. விரலெல்லாம் முறிஞ்சு கோணலா சேர்ந்திருக்கு. அதை ஒரு இளவட்டப் பையனுக்கு எடுத்துச் சொல்றார் பாருங்க, கோபமே இல்லாம சொல்றார். ஆபீஸ்ல ‘போன வருஷம் இன்க்ரிமெண்டை நிறுத்திட்டாங்க தம்பி’ன்னு சொல்ற மாதிரி சொல்றார். எனக்கு அந்த இடத்துலதான் வயித்தைப் பிசைஞ்சது.

திருட்டு விஸ்கி லாரி ஓட்டின வழக்குல இவருக்கு ஜெயில் காத்திருக்கு. உள்ள போனா பிள்ளைங்க அரசாங்க உதவிப் பணத்துல நிக்கணும். அதனால மத்திய அரசு ஏஜெண்ட் ஒருத்தன்கிட்டப் போய், ஆளைக் காட்டிக் கொடுத்தா எனக்காக ஜட்ஜ்கிட்ட ஒரு வார்த்தை சொல்வீங்களான்னு கேட்கிறார். துப்பாக்கி விற்கிற பையனைக் காட்டிக் கொடுக்கிறார். ஏஜெண்ட் என்ன சொல்றான்? இது பத்தாது, இன்னும் வேணுங்கிறான். வட்டிக்கடைக்காரன்கிட்ட அசலைக் கொண்டுபோய்க் கொடுத்தா, இது வட்டிக்குத்தான் சரியாப் போச்சுன்னு சொல்வான் இல்ல, அந்த மாதிரி.

இவருக்கு ஒரு நண்பன். டில்லன். சாராயக்கடை வச்சிருக்கான். வாரா வாரம் ஏஜெண்ட்கிட்டக் காசு வாங்கிக்கிட்டுத் துப்புக் கொடுக்கிறவன் அவன். வங்கிக் கொள்ளைக் கும்பலைக் காட்டிக் கொடுத்ததும் அவன். ஆனா மேலிடத்துல சந்தேகம் விழுந்தது எட்டி மேல. எட்டியைத் தீர்த்துடுன்னு வேலையை மேலிடம் யார்கிட்டக் கொடுக்குது? அதே டில்லன்கிட்ட!

சிலப்பதிகாரத்துல என்ன நடந்தது? சிலம்பைத் திருடினவன் பொற்கொல்லன். அரண்மனைக்குப் போய் ‘கள்வனைப் பிடிச்சுட்டேன்’னு சொன்னவனும் அதே பொற்கொல்லன். வெட்டுப்பட்டவன் கோவலன். பாஸ்டன்ல நடந்தாலும் மதுரையில நடந்தாலும் கதை ஒண்ணுதான். (கைதட்டல்) அங்க நீதி கேட்க ஒரு கண்ணகி இருந்தா. இங்க அதுவும் இல்லை. டில்லன் எட்டியை ஐஸ் ஹாக்கி மேட்சுக்குக் கூட்டிக்கிட்டுப் போறான். பீர் வாங்கிக் கொடுக்கிறான். எட்டி சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமா மேட்ச் பார்க்கிறார். திரும்பும்போது கார்ல தூங்கிப் போறார். தூக்கத்துலயே முடிச்சிடறாங்க. பின்னணியில பெரிய இசை இல்லை, யாரும் சட்டையைக் கிழிச்சுக்கிட்டு அழலை. கடைசிக் காட்சியில ஏஜெண்டும் டில்லனும் சாதாரணமாப் பேசிட்டு அவங்கவங்க வழியில போறாங்க. வள்ளுவர் ‘தீ நட்பு’, ‘கூடா நட்பு’ன்னு ரெண்டு அதிகாரம் எழுதினார். இந்தப் படத்தின் பேர்லயே ‘நண்பர்கள்’னு இருக்கு. அதைவிடக் கொடுமையான கிண்டல் உண்டா?

இன்னொண்ணு. இந்தக் கொள்ளைக் கும்பலுக்குத் தலைவனா வர்றவர் அலெக்ஸ் ரோக்கோ. அவர்தான் காட்ஃபாதர்ல கண்ணாடி போட்ட கண்ணுல குண்டு வாங்குற மோ கிரீன். அதே ஆள், அதே கம்பெனி. அது ஓடுச்சு, இது படுத்துடுச்சு. ஒழுங்கான டிவிடி வர்றதுக்கே 2009 ஆச்சு.

நடுவர் ஐயா, இது வெறும் கற்பனைன்னு எதிரணி சொல்லலாம். போலீஸ்கிட்டத் துப்புச் சொல்லிக்கிட்டே கொலையும் செய்யற ஆளை அரசாங்கம் வச்சுக் காப்பாத்துமான்னு கேட்கலாம். கேளுங்க. அதே பாஸ்டன் நகரத்துல வைட்டி பல்ஜர்னு ஒரு தாதா. 1975லிருந்து எஃப்.பி.ஐ.யின் ரகசிய ஆள். இவர் எதிரிகளைக் காட்டிக் கொடுப்பார், அவங்க இவரைக் கண்டுக்க மாட்டாங்க. இவர் செஞ்ச கொலைகள் அந்த நிழல்லயே நடந்தது. இது கோர்ட்ல வெளிச்சத்துக்கு வந்தது 1997-98ல. பல்ஜர் ஓடி ஒளிஞ்சு 2011ல பிடிபட்டார், 2013ல தண்டனை, 2018ல ஜெயிலுக்குள்ளயே அடிச்சுக் கொன்னாங்க. அவரைக் காப்பாத்தின எஃப்.பி.ஐ. அதிகாரியும் ஜெயிலுக்குப் போனார்.  படம் 1973. கோர்ட்டுக்குத் தெரிஞ்சது கால் நூற்றாண்டு கழிச்சு! இதை வரலாறுன்னு சொல்லாம, சிம்மாசனத்துல உட்கார்ந்து பூனையைத் தடவுறதை வரலாறுங்கிறீங்களே, நியாயமா? (பலத்த கைதட்டல்)

அடுத்து லண்டன். ‘தி லாங் குட் ஃப்ரைடே’. 1980 படம். ஜான் மெக்கன்ஸி இயக்கினார். பாப் ஹாஸ்கின்ஸ்னு ஒரு நடிகர், ஆள் குட்டை, கழுத்தே தெரியாது, ஆனா திரையில காளைமாடு மாதிரி வருவார். அவர்தான் தாதா ஹரால்ட். செத்துக்கிடக்கிற பழைய துறைமுகப் பகுதியை வளைச்சுப் போட்டு, அமெரிக்க மாஃபியா பணத்தை இறக்கி, புது நகரம் கட்டணும்னு திட்டம். படகுல அமெரிக்காக்காரங்களை ஏத்திக்கிட்டு, பாலத்தைப் பின்னால வச்சுப் பேசுவார் பாருங்க, மந்திரி அடிக்கல் நாட்டு விழாவுல பேசுற மாதிரியே இருக்கும். பெரிய வெள்ளியன்னிக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணா குண்டு வெடிக்குது. யாரு பகைவன்னே இவருக்குத் தெரியலை. கடைசியில பார்த்தா ஐ.ஆர்.ஏ., அயர்லாந்து புரட்சிப் படை. அவங்களைப் பணத்தால வாங்க முடியாது, மிரட்டவும் முடியாது. தாதாவோட கணக்கு அங்க செல்லலை.

இந்தப் படத்தை எடுத்த கம்பெனிக்கே பயம். வெட்டிச் சுருக்கி டெலிவிஷன்ல போட்டுடலாம்னு பார்த்தாங்க. கடைசியில பீட்டில்ஸ் பாடகர் ஜார்ஜ் ஹாரிசன் நடத்தின ஹேண்ட்மேட் கம்பெனி வாங்கி வெளியிட்டது. இல்லைன்னா பெட்டிக்குள்ளயே போயிருக்கும்.

படம் வந்ததுக்கு அப்புறம் என்ன ஆச்சு? 1981ல அதே துறைமுகப் பகுதியை மாத்திக் கட்ட அரசாங்கமே ஒரு கழகம் அமைச்சது. வயல் மாதிரி வெறிச்சோடிக் கிடந்த இடத்துல கேனரி வார்ஃப் கோபுரம் 1991ல எழுந்து நின்னுச்சு. 1996 பிப்ரவரி 9, ஐ.ஆர்.ஏ. குண்டு வச்சாங்க. எங்கே? அதே டாக்லேண்ட்ஸ்ல! ரெண்டு பேர் செத்தாங்க. ஜோசியக்காரன்கூட இவ்வளவு கரெக்டா சொல்ல மாட்டான். அந்தப் படத்தின் கடைசிக் காட்சியை மட்டும் ஒரு தடவை பாருங்க. காருக்குள்ள ஹாஸ்கின்ஸ் முகம். எதிரே துப்பாக்கியோட ஒரு இளைஞன், பிற்காலத்துல ஜேம்ஸ் பாண்டா வந்த பியர்ஸ் பிராஸ்னன். வசனம் கிடையாது. கோபம், பயம், சிரிப்பு, ‘சரி, முடிஞ்சுது’ங்கிற ஒப்புதல், எல்லாம் அந்த ஒரு முகத்துலயே வந்து போகும். சிவாஜி ரசிகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

(நடுவர் முதல் மணி அடிக்கிறார்.)

இருங்க ஐயா, இன்னும் சாப்பாட்டுல ரசமே வரலை. (சிரிப்பு)

ஏன் இந்தப் படங்கள் எல்லாம் காணாமப் போச்சு? மக்கள் ரசனை சரியில்லைன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க முன்னால நின்னுக்கிட்டு அப்படிச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? பல சமயம் கத்திரிக்கோல்தான் காரணம். செர்ஜியோ லியோனி இத்தாலிய இயக்குநர். 1984ல ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் அமெரிக்கா’ எடுத்தார். கான் விழாவுல காட்டினது 229 நிமிஷம். அமெரிக்காவுல கம்பெனிக்காரங்க வெளியிட்டது 139 நிமிஷம். 90 நிமிஷத்தைக் காணோம்! ஒரு முழுப் படத்தைத் தூக்கி வெளியில போட்டுட்டாங்க. அதோட விட்டாங்களா? கிழவன் நினைச்சுப் பார்க்கிற மாதிரி முன்னும் பின்னும் போற கதையை, வருஷ வரிசைப்படி அடுக்கிட்டாங்க. நினைவை எடுத்துட்டுக் காலண்டரை மாட்டிட்டாங்க. அந்தக் கதையே என்ன? உயிர் நண்பனைக் காப்பாத்தறதா நினைச்சு அவனைப் போலீஸ்ல சொன்ன ஒருத்தன், 35 வருஷம் அந்தக் குற்ற உணர்ச்சியோட வாழுறான். திரும்பி வந்து பார்த்தா, ஏமாந்தவன் இவன்தான்னு தெரியுது. அந்த நினைவு ஓட்டத்தை வெட்டினா அப்புறம் என்ன மிச்சம்? லியோனி அதுக்கப்புறம் படமே எடுக்கலை, 1989ல போயிட்டார்.

பெண்கள் பக்கம் ஒரு வார்த்தை. தாதா படம்னா ஆம்பிளைங்க சமாச்சாரம்னு எதிரணித் தங்கச்சி சொன்னாங்க. எலைன் மேன்னு ஒரு அம்மா 1976ல ‘மைக்கி அண்ட் நிக்கி’ன்னு எடுத்திருக்காங்க தங்கச்சி. ரெண்டு பால்ய சிநேகிதர்கள், ஒரே ராத்திரி. ஒருத்தனைக் கொல்ல ஆள் அலையுது. கூடவே திரியிற நண்பன்தான் அந்த ஆளுக்கு வழி சொல்லிக்கிட்டு இருக்கான். விடியக்காலையில நண்பன் வீட்டுக் கதவைத் தட்டுறான். உள்ளே இருக்கிறவன் மேஜை நாற்காலியை எல்லாம் இழுத்துக் கதவுக்கு அண்டை கொடுக்கிறான். அவ்வளவுதான் சொல்வேன். அந்தத் தட்டுற சத்தம் ரெண்டு நாள் என் காதை விட்டுப் போகலை. படம் தயாரிப்புக் கம்பெனியோட சண்டையில மாட்டிக்கிச்சு. அந்த அம்மா அடுத்த படம் இயக்கப் பதினோரு வருஷம் ஆச்சு.

இன்னொரு காரணம் நெரிசல். தீபாவளிக்கு நாலு பெரிய படம் ஒண்ணா வந்தா என்ன ஆகும்? 1990 செப்டம்பர்ல அமெரிக்காவுல அதுதான் நடந்தது. ஒரே மாசத்துல ‘ஸ்டேட் ஆஃப் கிரேஸ்’, ‘குட்ஃபெல்லாஸ்’, ‘மில்லர்ஸ் கிராசிங்’, ‘கிங் ஆஃப் நியூயார்க்’. நாலும் கேங்ஸ்டர் படம்! பேர் வாங்கினது குட்ஃபெல்லாஸ். மத்த மூணுல எனக்குப் பாவமா இருக்கிறது ‘ஸ்டேட் ஆஃப் கிரேஸ்’. நியூயார்க்ல ஹெல்ஸ் கிச்சன், ‘நரகத்தின் அடுக்களை’ன்னு பேர் கொண்ட ஐரிஷ் பேட்டை. கேரி ஓல்ட்மேன் அழுக்குத் தலையோட வந்து நெஞ்சை அள்ளிக்கிட்டுப் போவார். பேட்டைக்கே விலை ஏறுது, பணக்காரங்க வந்து குடியேறுறாங்க, ஊர்ப் பேரையே நாகரிகமா மாத்துறாங்க. ரவுடிக்குக்கூட வாடகை கட்டுப்படி ஆகலை! இது எந்தக் காட்ஃபாதர்ல இருக்கு, சொல்லுங்க?

குட்ஃபெல்லாஸும் ஆள்காட்டி கதைதானே, அது கொண்டாடப்பட்ட படமாச்சேன்னு எதிரணி அண்ணன் துண்டுச்சீட்டு எழுதுறது தெரியுது. ஆமாம் அண்ணே, ஒத்துக்கிறேன். அது உள்ளதைச் சொன்ன படம்தான். ஆனா அது வந்தது எட்டி காயில் வந்து 17 வருஷம் கழிச்சு. பாதையை வெட்டினவன் ஒருத்தன், ரோடு போட்டுத் திறப்பு விழா நடத்தினவன் இன்னொருத்தன்.

இதுல என்ன கெட்டுப் போச்சுன்னு கேட்கலாம். சாமி கிரவானோன்னு ஒருத்தர். நியூயார்க்ல கேம்பினோ மாஃபியா குடும்பத்துல இரண்டாவது இடம். 19 கொலையில பங்கு உண்டுன்னு ஒத்துக்கிட்டவர். இளவயசுல காட்ஃபாதர் பார்த்து அப்படியே மயங்கிப் போனதா அவரே பின்னால சொல்லியிருக்கார். நம்ம வாழ்க்கை இவ்வளவு கௌரவமான வாழ்க்கையான்னு. கடைசியில என்ன செஞ்சார்? 1992ல கூண்டுல ஏறித் தன் தலைவர் ஜான் காட்டியையே காட்டிக் கொடுத்து ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்தார். பார்த்தது காட்ஃபாதர், வாழ்ந்தது எட்டி காயில். அந்தப் பையனுக்கு இளவயசுல யாராவது ரெண்டாவது படத்துக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கலாம். (கைதட்டல்)

(நடுவர் இரண்டாம் மணி அடிக்கிறார்.)

ஒரே ஒரு நிமிஷம் ஐயா. நம்ம ஊருக்கு வந்துடறேன். நாயகன் 1987. பம்பாயில வாழ்ந்த வரதராஜ முதலியார் வாழ்க்கையின் சாயல்ல வந்த படம். கமல் நடிப்பு, மணிரத்னம் இயக்கம், நான் கும்பிடுவேன். ஆனா 2011ல ‘ஆரண்ய காண்டம்’னு ஒண்ணு வந்ததே, தியாகராஜன் குமாரராஜா எடுத்தது, தியேட்டர்ல எத்தனை பேர் பார்த்தீங்க? வட சென்னையில ஒரே நாள்ல நடக்கிற கதை. பாட்டு கிடையாது. கிழட்டுத் தாதாவா ஜாக்கி ஷெராஃப். சென்சார்ல ஏகப்பட்ட வெட்டுச் சொல்லி, டெல்லித் தீர்ப்பாயம் வரைக்கும் போய்த்தான் வெளியே வந்தது. ஓடலை. அப்புறம் சிறந்த அறிமுக இயக்குநர் படத்துக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருது கொடுத்தாங்க. அந்தப் படத்துல எல்லாரும் சப்பைன்னு கூப்பிடுற ஒரு பையன் இருக்கான், தாதா வீட்டுல அடைபட்டுக் கிடக்கிற சுப்புன்னு ஒரு பொண்ணு இருக்கா. இத்தனை ரவுடிங்க அருவாளோட திரியிற படத்துல, கணக்கைச் சரியாப் போட்டு வெளியே நடந்து போறது யார்னு நான் சொல்ல மாட்டேன். இன்னிக்கு வீட்டுக்குப் போய்ப் பாருங்க.

2006ல வந்த ‘புதுப்பேட்டை’ பத்தியும் சொல்லணும்னு குறிப்பு எழுதி வச்சிருந்தேன். நடுவர் ஐயா கை மூணாவது மணிக்குப் போயிட்டதால, அதை என் அணித் தம்பி பார்த்துப்பார்.  (கைதட்டல்)